கூட்டங்களும் பள்ளிக்கூடங்களும்

அகதிகளின் கல்வியைப் பற்றிப் பேசுவோர் இந்நாள்களில் ஓயாது உச்சரிக்கும் சொல் ஒன்று உண்டு. 'ஒருங்கிணைப்பு' என்பதே அது. சிதறிக் கிடப்பவற்றைச் சேர்த்து ஓர் ஒழுங்கில் நிறுத்துவது என்ற அதன் பொருளில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் எவற்றை ஒருங்கிணைக்கிறோம், யாருக்காக ஒருங்கிணைக்கிறோம், எந்த இலக்கை நோக்கி ஒருங்கிணைக்கிறோம் என்று வினவாமலேயே அச்சொல்லுக்குத் தூபம் காட்டுவோர் பெருகிவிட்டனர். அவர்களோடுதான் இக்கட்டுரையில் வழக்காட விழைகிறோம்.

நம் வழக்கு இதுதான். அகதிக் குழந்தை ஒன்று ஆண்டுதோறும் வகுப்பில் அமர்ந்து, பாடம் கேட்டு, இறுதியில் ஏதேனும் ஓர் அரசு ஏற்கும் தேர்வை எழுதிச் சான்றிதழ் பெறும் நிலைக்கு வரவேண்டும். அந்நிலைக்கு இட்டுச் செல்லாத ஒருங்கிணைப்பு, எத்துணை நேர்த்தியாக நடைபெறினும், காத்திருப்பை நிருவகிக்கும் கலையேயன்றிக் கல்விப் பணி ஆகாது. இத்துறையில் உழைப்போர் இக்கூற்றைக் கேட்டு வருந்துவர் என்பதை அறிவோம். அவர்களுள் பெரும்பாலோர் நல்லுள்ளம் கொண்டவர்களே. ஆயினும் நல்லுள்ளத்தைச் சான்றாகக் காட்டி வழக்கை முடித்துக்கொள்ள நாம் உடன்படவில்லை.

முதலில் இந்த ஏற்பாடு எப்படி உருவாயிற்று என்பதைப் பார்ப்போம். 1994-இல் ருவாண்டாவிலிருந்து தப்பிய மக்கள் எல்லையைக் கடந்து கோமா நகரைச் சுற்றிக் குவிந்தபோது, அவர்கள் பின்னாலேயே எண்ணற்ற தொண்டு நிறுவனங்களும் வந்து குவிந்தன. ஒருவர் செய்வதை மற்றவர் அறியார். ஒரே வேலையைப் பலர் செய்ய, வேறு வேலைகள் செய்வாரின்றிக் கிடந்தன. இத்தகைய அனுபவங்களால் சூடுபட்ட ஐக்கிய நாடுகள் அவை 2005-இல் மனிதநேயப் பணிகளைத் துறைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைமையை நியமித்தது. 2007-இல் கல்விக்கும் அவ்வாறு ஒரு குழுமம் அமைந்தது. யூனிசெஃப் நிறுவனமும் 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பும் அதற்குக் கூட்டாகத் தலைமை ஏற்றன. இதற்கு முன்னரே, 2004-இல், நெருக்கடிக் காலக் கல்விக்கான குறைந்தபட்ச நெறிகள் எவை என்று ஒரு பன்னாட்டு வலையமைப்பு நூலாகத் தொகுத்து வெளியிட்டிருந்தது.

இவை யாவும் தேவையான முயற்சிகளே. 'யார், எங்கே, என்ன செய்கிறார்கள்' என்ற அட்டவணை ஒன்று இத்துறையில் புகழ்பெற்றது. எந்த முகாமில் எந்த நிறுவனம் எத்தனை வகுப்பறைகளை நடத்துகிறது என்பது அதைப் பார்த்தால் விளங்கிவிடும். இரு நிறுவனங்கள் ஒரே மேட்டில் இரண்டு கொட்டகைகளைப் போட்டுவிட்டு அடுத்த பள்ளத்தில் ஒன்றும் இல்லாமல் விடும் கேடு அதனால் தவிர்க்கப்பட்டது. அட்டவணையைப் பழிப்பது நம் நோக்கமன்று. குழந்தை கற்றதா, கற்றதற்குச் சான்று பெற்றதா என்னும் இரு கேள்விகளுக்கும் அதில் கட்டமே இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறோம்.

இவ்வழக்கிற்கு நாம் எடுத்துக்கொள்ளும் களம் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார். 2017 ஆகஸ்டு 25-க்குப் பின், மியன்மாரின் ரக்கைன் மாநிலத்திலிருந்து 7 லட்சத்திற்கும் மேற்பட்ட ரோஹிங்கிய மக்கள் சில மாதங்களுக்குள் நாஃப் ஆற்றைக் கடந்து அங்கே வந்து சேர்ந்தனர். ஏற்கெனவே அங்கிருந்தோரையும் சேர்த்தால் முகாம் மக்கள் தொகை பத்து லட்சத்தை ஒட்டி வரும். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தைகள். யானைகள் உலவிய குன்றுகளை வெட்டிச் சமன் செய்து, மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு ஒரு நகரமே எழுப்பப்பட்டது.

அங்கே கல்விக்கென்று எழுந்தவற்றுக்குப் 'பள்ளி' என்ற பெயர்கூட வழங்கப்படவில்லை. 'கற்றல் மையம்' என்றே பெயர். அப்பெயர் தற்செயலாக வந்ததன்று. முறைசார்ந்த கல்வி கூடாது, வங்கதேசப் பாடத்திட்டம் கூடாது, நிலையான கட்டடம் கூடாது என்று அரசு வரையறுத்திருந்தது. ஆகவே மூங்கில் கொட்டகை ஒன்றில் நாற்பது பிள்ளைகள் வரை அமர்வர். நாளுக்கு மூன்று முறைவகுப்புகள். ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். உள்ளூர் வங்கதேச ஆசிரியர் ஒருவர் ஆங்கிலமும் கணக்கும் கற்பிக்க, ரோஹிங்கியத் தன்னார்வலர் ஒருவர் பர்மிய மொழி கற்பிப்பார். தன்னார்வலர் என்பதும் கவனித்து வழங்கப்பட்ட பெயரே. அகதிக்கு வேலை உரிமை கிடையாது. ஆகவே அவருக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை, ஊக்கத்தொகை மட்டுமே உண்டு.

இந்த அமைப்பை ஒருங்கிணைத்தோரின் திறமையை மறுப்பதற்கில்லை. ஆயிரக்கணக்கான மையங்களை மழைக்கும் நிலச்சரிவுக்கும் தீ விபத்துக்கும் நடுவே அவர்கள் நடத்தினர். எந்த நாட்டுப் பாடத்திட்டத்தையும் கையாள முடியாத நிலையில், நிறுவனங்களே கூடிப் படிநிலைகள் கொண்ட ஒரு கற்றல் சட்டகத்தை வகுத்தன. பிள்ளைகளின் திறனைச் சோதித்து நிலை ஒன்று, நிலை இரண்டு என்று அமர்த்தின. பதினைந்து வயதுப் பையன் ஏழு வயதுக் குழந்தையோடு ஒரே நிலையில் அமர்ந்திருக்கும் காட்சி அங்கே அரியதன்று. சரி, நிலை நான்கை முடித்த பின்? முடித்தவனுக்கு மேலே படியும் இல்லை, கையில் தாளும் இல்லை.

2018 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற அகதிகள் பற்றிய உலகளாவிய உடன்பாட்டில், அகதிக் குழந்தை வந்துசேர்ந்த மூன்று மாதங்களுக்குள் கல்வியில் சேர்வதே விரும்பத்தக்கது என்று எழுதப்பட்டுள்ளது. காக்ஸ் பஜாரில் மியன்மார் பாடத்திட்டத்தை முன்னோட்டமாகக் கற்பிக்க வங்கதேச அரசு 2020 சனவரியில் இசைந்தது. கொள்ளை நோய் குறுக்கிட, அது தொடங்கியது 2021-இன் இறுதியில், பத்தாயிரம் மாணவருக்கு. 2023 சூலையில்தான் முதல் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அது விரிந்தது. மூன்று மாதம் எங்கே, ஆறு ஆண்டு எங்கே! 2017-இல் ஆறு வயதாக வந்த சிறுமிக்கு 2023-இல் பன்னிரண்டு வயது. அந்த வயதில் அச்சமூகத்தின் பெண் பிள்ளைகள் பலரை வீட்டார் வெளியே அனுப்புவதில்லை. சிறுமியருக்கென்று தனி வகுப்புகளும் வழித்துணைக்குப் பெண்களும் பின்னர் ஏற்பாடு செய்யப்பட்டன. பலருக்கு அது காலம் கடந்த கருணை.

இந்த ஆறு ஆண்டுகளில் வேறொன்றும் நிகழ்ந்தது. அதை இத்துறையின் ஆண்டறிக்கைகளைக் காட்டிலும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளே விரிவாகப் பதிவு செய்துள்ளன. ரக்கைனில் ஆசிரியர்களாக இருந்தவர்களும் அங்கே உயர்நிலை வரை படித்தவர்களும் முகாமுக்குள் தாமாகவே பள்ளி நடத்தினர். குடிசையில் ஒரு கரும்பலகை, மியன்மார் பாடநூலின் நகல்கள், பெற்றோர் தரும் சிறு கட்டணம் ஆகியவையே அவர்களின் மூலதனம். மேல் வகுப்புப் பாடங்கள் முகாமில் வேறெங்கும் கிடைக்காத காலத்தில் அவை அங்கே கிடைத்தன. ரோஹிங்கியத் தலைவர் முகிப் உல்லா நிறுவிய பள்ளியும் அவற்றுள் ஒன்று. 2021 செப்டம்பரில் அவர் முகாமிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில், அனுமதி பெறாத தனிப் பள்ளிகளும் பயிற்சி வகுப்புகளும் மூடப்பட வேண்டும் என்று அகதிகள் ஆணையர் அலுவலகம் ஆணை பிறப்பித்தது. பலகைகள் அகற்றப்பட்டன. சில மாதங்களில் முகிப் உல்லாவின் பள்ளியும் மூடப்பட்டது.

இங்கேதான் நம் கேள்வி கூர்மை பெறுகிறது. ஒருங்கிணைப்பு என்பது உள்ள ஆற்றல்களை எல்லாம் ஒன்றுசேர்ப்பது எனில், முகாமின் மிகப் பெரிய ஆற்றலாகிய இவ்வாசிரியர்கள் அவ்வட்டத்திற்குள் வந்திருக்க வேண்டும் அன்றோ? கூட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. காக்ஸ் பஜார் நகரம் கடற்கரைச் சுற்றுலாத்தலம். முகாமிலிருந்து ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணம். முகாமை விட்டு வெளியேற அகதிக்கு அனுமதி வேண்டும். இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: யாருடைய பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்கள் அந்த அறையில் இருக்க இயலாது. அறையில் இருப்போரும் ஒவ்வொரு திட்டத்திற்கும் ஒவ்வொரு நுழைவுச் சீட்டுக்கும் அரசின் ஒப்புதலை எதிர்நோக்கி இருப்பவர்கள். அத்தகைய அறையிலிருந்து உரத்த குரல் எழும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

இனி மறுதரப்பின் வாதங்களைக் கேட்போம். 'வங்கதேசம் ஏழை நாடு. நிலமோ குறைவு, மக்களோ மிகுதி. பத்து லட்சம் பேருக்கு இடம் கொடுத்ததே பெரிது. வங்க மொழியில் கற்பித்துச் சான்றிதழும் கொடுத்தால் அவர்கள் திரும்பிப் போகமாட்டார்கள் என்ற அச்சம் அரசுக்கு இருக்கிறது. அந்த அச்சத்தை மதித்தால்தான் இருப்பதாவது நீடிக்கும்' என்பர். இவ்வாதத்தின் முதற்பகுதிக்கு நாம் தலைவணங்குகிறோம். செல்வந்த நாடுகள் பல சில ஆயிரம் பேருக்கே கதவடைக்கும் காலத்தில் வங்கதேசம் செய்தது பேருதவி. வங்கதேசத்தைப் பழித்துரைக்கும் தகுதி அந்நாடுகளுக்கு இல்லை. ஆனால் பிற்பகுதி பிழையானது. கல்லாத பிள்ளை விரைவாக ஊர் திரும்பும் என்பதற்கு எங்கே சான்று? 2021 பிப்ரவரியில் மியன்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ரக்கைனிலோ போர் மூண்டு எரிகிறது. திரும்பாமைக்குக் காரணம் துப்பாக்கியே. பாடநூலின் மேல் பழி சுமத்துவது முறையன்று.

மொழிதான் தடை என்பாரும் உளர். ரோஹிங்கிய மொழியும் சிட்டகாங் வட்டார வழக்கும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. இருவரும் பேசினால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வர். 1990-களின் தொடக்கத்தில் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் சத்தமின்றி உள்ளூர் உயர்நிலைப் பள்ளிகளில் சேர்ந்து நன்றாகவே படித்துவந்தனர். அவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றுமாறு 2019-இல் ஆணை வந்தது. தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்களும் வெளியேற்றப்பட்டனர். படிக்கத் தெரியாததால் அன்று, படித்துவிட்டதால்!

இந்த இடத்தில் நம் கண்முன் உள்ள ஒரு வரலாற்றை நினைவுகூர்வது தகும். 1983 சூலைக்குப் பின் ஈழத் தமிழ் மக்கள் இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் வந்து இறங்கினர். 2021 ஆகஸ்டு 27 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அளித்த அறிக்கையின்படி, 1983 முதல் வந்தவர்களின் எண்ணிக்கை 3,04,269. அன்றைய நிலையில் 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். வெளியே பதிவு செய்துகொண்டு வாழ்ந்தவர்கள் 34,087 பேர். இவர்களின் பிள்ளைகளுக்கென்று தமிழகத்தில் 'கற்றல் மையம்' கட்டப்படவில்லை. அருகிலிருந்த அரசுப் பள்ளியின் கதவு திறந்துவிடப்பட்டது. அதே பெஞ்சு, அதே பாடநூல், அதே சத்துணவு. பத்தாம் வகுப்பில் அதே அரசுத் தேர்வு. கையில் அதே மதிப்பெண் பட்டியல்.

அகதிப் பிள்ளைகளை நாட்டின் கல்வி முறைக்குள்ளேயே சேர்ப்பது என்ற கொள்கையை ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் தன் 2012-ஆம் ஆண்டுக் கல்வி உத்தியில் முன்னிறுத்தியது. 2019-இல் வெளியிட்ட 2030 வரைக்கான திட்டத்தில் அதை மேலும் வலியுறுத்தியது. உலக அறிஞர்கள் கூடி 2012-இல் எழுதியதை, இராமநாதபுரம் மாவட்டத்துத் தலைமையாசிரியர்கள் 1980-களிலேயே வருகைப் பதிவேட்டில் எழுதிவிட்டனர். இதை யாரும் அந்நாளில் 'ஒருங்கிணைப்பு' என்று அழைத்ததாகத் தெரியவில்லை.

ஒருங்கிணைப்புக்கு அங்கு வேலையே இருக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளற்க. 1984-இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு. முகாம்களிலிருந்தே படித்த இளைஞர்களைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுவித்து, சிறுவர்களுக்கு மாலை வகுப்புகள் நடத்தியது; கல்லூரி இடங்களுக்காக அரசின் வாயிலில் காத்து நின்றது. இயேசு சபையினரின் அகதிகள் பணிக்குழுவும் முகாம்களில் மாலைநேரக் கல்வியை வளர்த்தது. பள்ளி என்ற முதுகெலும்பை அரசு தந்தது. அதைச் சுற்றிச் சதையாக மற்றவர்கள் அமைந்தனர். காக்ஸ் பஜாரில் முதுகெலும்பு இல்லாமலேயே சதையை நிற்க வைக்க முயல்கிறார்கள்.

தமிழகத்தைப் பற்றிப் பெருமை பேசி அமைந்துவிட நமக்கு உரிமையில்லை. 1991 மே மாதம் இராசீவ் காந்தி கொலையுண்ட பின் காற்று மாறியது. அகதி மாணவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த உயர்கல்வி இடங்கள் நிறுத்தப்பட்டன. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் செல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1996-இல் ஆட்சி மாறிய பின்னரே கல்லூரி இடங்கள் மீண்டன. யாரோ செய்த குற்றத்திற்கு, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகள் ஐந்தாண்டு தண்டனை அனுபவித்தனர். காரணம் எளியது. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கை தன் 22-ஆம் பிரிவில், தொடக்கக் கல்வியில் அகதிக்கும் குடிமகனுக்கும் வேற்றுமை கூடாது என்கிறது. அதில் வங்கதேசமும் கையொப்பமிடவில்லை, இந்தியாவும் கையொப்பமிடவில்லை. அரசின் இரக்கத்தால் கிடைத்ததை அரசின் சினம் பறித்துக்கொண்டது.

இன்னொன்றையும் மறைத்தல் ஆகாது. முகாமிலிருந்து பட்டம் பெற்றவர்கள் பலர் உள்ளனர். ஆனால் குடியுரிமை இல்லாத பட்டதாரிக்கு அரசுப் பணி இல்லை, கடவுச்சீட்டு இல்லை, பெரு நிறுவனங்களும் தாள்களைப் பார்த்ததும் தயங்குகின்றன. பொறியியல் படித்தவர் சுவருக்கு வர்ணம் பூசப் போகிறார். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அண்டை நாடுகளிலிருந்து வந்தோருக்கு வழி திறந்தபோது, இலங்கையிலிருந்து வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டது. மியன்மாரும் அதில் இல்லை. 2021-இல் தமிழக அரசு இம்முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, வீடுகளும் கல்வி உதவித்தொகையும் அறிவித்தது வரவேற்கத்தக்கதே. எனினும் மறுவாழ்வு முகாமில் பிறந்த மூன்றாம் தலைமுறைக்கு எப்போது முகாம் என்ற சொல் நீங்கும் என்பதற்கு விடை சென்னையில் இல்லை. அது தில்லியில் இருக்கிறது.

இவ்வளவு குறை இருந்தும், இரு களங்களையும் ஒப்பிடுகையில் ஒன்று தெளிவாகிறது. வர்ணம் பூசும் அந்தப் பொறியாளர் கையில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. நாளை சட்டம் மாறினால் அது பேசும். போர் முடிந்து தாயகம் திரும்பியவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இலங்கையில் சமன்மதிப்புக் கேட்கவாவது முடிந்தது. குத்துபாலோங் முகாமின் மாணவனுக்குக் கேட்பதற்கும் ஒரு தாள் இல்லை.

பணத்தைப் பற்றிய வாதத்திற்கு வருவோம். 'நிதி இருந்தால் எல்லாம் சரியாகும்' என்பது ஒருங்கிணைப்பாளர்களின் நிரந்தரப் பல்லவி. நிதி வேண்டும், ஐயமில்லை. உலகெங்கும் பள்ளி வயதிலுள்ள அகதிகள் 1 கோடியே 48 லட்சம் பேர் என்றும் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பள்ளிக்கு வெளியே நிற்கின்றனர் என்றும் அகதிகள் ஆணையம் 2023-இல் அறிவித்தது. இதற்குப் பணம் இன்றித் தீர்வு ஏது? ஆனால் பணம் எவ்வாறு வருகிறது என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள், ஆண்டுக்கு ஒரு திட்டம், ஆண்டுக்கு ஓர் ஒப்பந்தம். ஒரு குழந்தையின் பள்ளிக் கல்விக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தேவை. அதைத் தாங்கும் நிதியின் ஆயுளோ பன்னிரண்டு மாதம்.

2025-இல் அமெரிக்காவும் பிற நாடுகளும் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது இது வெட்டவெளிச்சமாயிற்று. அவ்வாண்டு சூனில் காக்ஸ் பஜார் மையங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்களின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. கீழ் வகுப்புகள் நின்றன. வேலையிழந்தவர்கள் சாலையில் இறங்கிப் போராடினர். எளிய ஊரின் ஏழை ஆசிரியருக்கும் அவரினும் ஏழையான அகதி ஆசிரியருக்கும் இடையே, 'உன்னை வைத்துக்கொண்டு என்னை அனுப்பினார்கள்' என்ற கசப்பும் வளர்ந்தது. பன்னாட்டு நிறுவனங்கள் விலகிக்கொண்டால் மறுநாள் எஞ்சி நிற்பது எது என்ற கேள்வியை முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டாமா? அரசுப் பள்ளிக்குள் சேர்ந்த குழந்தைக்கு வாஷிங்டனில் ஒருவர் இடும் கையொப்பத்தால் வகுப்பு நின்றுபோவதில்லை.

வேறு வழியே இல்லை என்பாருக்கு வேறு வழிகளைக் காட்டலாம். கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2017 டிசம்பரில் ஜிபுட்டியில் கூடி, அகதிப் பிள்ளைகளைத் தத்தம் நாட்டுக் கல்வித் திட்டத்திற்குள் சேர்ப்பதாக அறிக்கையிட்டன. உகாண்டா மறு ஆண்டே அகதிகளையும் அவர்களைத் தாங்கும் ஊர்களையும் சேர்த்து ஒரே கல்வித் திட்டம் வகுத்தது. அதன் தலைமை கல்வி அமைச்சகத்திடமே இருந்தது. அங்கும் ஒரே வகுப்பில் நூறு பேர் நெருங்கி அமர்ந்திருப்பர். பணப் பற்றாக்குறையும் உண்டு. ஆனால் அந்த நூறு பேரும் உகாண்டா நாட்டுத் தேர்வை எழுதுகின்றனர். துருக்கி, சிரியப் பிள்ளைகளுக்கென்று முதலில் தற்காலிக மையங்களைத் திறந்து, 2016-க்குப் பின் அவற்றைப் படிப்படியாக மூடி, பிள்ளைகளைத் தன் பள்ளிகளில் சேர்த்தது. லெபனான் பிற்பகல் முறைவகுப்பு என்று பாதி வழி வந்தது. எல்லாமே குறைபாடுள்ள முயற்சிகள்தாம். இவற்றில் ஒருங்கிணைப்பாளர் அமைச்சகத்தின் மேசைக்கு எதிரே அமர்ந்து வாதிடுகிறார். காக்ஸ் பஜாரில் மேசைக்குப் பின்னால் நின்று அனுமதிக்குக் காத்திருக்கிறார்.

இப்போது நம்மிடமே வருவோம். பொதுநிலையினராகிய நாம் இதில் என்ன செய்ய இயலும் என்று கேட்பது பொருத்தமே. எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-இல் தம் திருத்தூதுக் கொள்கைத் திரட்டில் காட்டினார். அந்தக் குழந்தை எகிப்தில் எழுத்துக் கற்றதா என்று நற்செய்தியாளர் சொல்லவில்லை; நாமும் கேட்டதில்லை. அகதி என்றதும் உணவுப் பொட்டலமும் போர்வையும் நம் நினைவுக்கு வருமளவுக்குத் தேர்வுக் கட்டணம் வருவதில்லை. 1980 நவம்பர் 14 அன்று தந்தை பேத்ரோ அருப்பே அகதிகள் பணிக்குழுவைத் தொடங்கியபோது, அகதிகளோடு உடனிருத்தல், அவர்களுக்குப் பணி செய்தல் என்பவற்றோடு அவர்கள் சார்பாக வழக்காடுதலும் அப்பணிக்கு உரியதாயிற்று. மூன்றாவதை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

2017 டிசம்பர் முதல் நாள் டாக்காவில் திருத்தந்தை பிரான்சிசு ரோஹிங்கிய அகதிகள் சிலரைச் சந்தித்தார். அதற்கு முந்தைய நாள்களில் மியன்மாரில் அவர் உச்சரிக்காது தவிர்த்த அப்பெயரை அங்கே வெளிப்படையாக உச்சரித்து, அவர்களிடம் மன்னிப்பும் வேண்டினார். நம் பத்திரிகைகள் அப்படத்தை அட்டையில் இட்டன. ஆனால் அதே ஆண்டில் வத்திக்கானின் புலம்பெயர்ந்தோர், அகதிகள் பிரிவு வெளியிட்ட இருபது செயற்குறிப்புகளை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? குழந்தைகளுக்குப் பள்ளிக் கல்வி, அகதிகளின் கல்வித் தகுதிகளுக்கு ஏற்பு ஆகியவற்றை அவை அரசுகளிடம் கேட்கின்றன. படத்துக்குக் கிடைத்த இடம் கோரிக்கைக்குக் கிடைக்கவில்லை.

தவக்காலக் காணிக்கை எடுக்கிறோம். அது செலவாகும் இடங்களில் புத்தகப் பைகள் வழங்கும் படங்கள் வந்து சேர்கின்றன. நன்கொடையாளர் என்ற முறையில் நாம் இன்னொரு கணக்கையும் கேட்கலாம்: பை வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் தேர்வு எழுதினர்? முகாம்கள் அமைந்துள்ள மறைமாவட்டங்களில் நம் கல்லூரிகள் இருக்கின்றன. முகாம் மாணவருக்கு அவற்றில் எத்தனை இடங்கள், எந்தக் கட்டணத்தில், எவ்வளவு ஆண்டுகளாக என்பதைப் பங்குப்பேரவைகள் கேட்டுப் பெறுவதில் தவறேதும் இல்லை. நம் மக்களவை உறுப்பினர்கள் வாக்குக் கேட்டு வரும்போது, முகாமில் பிறந்த பட்டதாரியின் குடியுரிமையைப் பற்றி ஒரு சொல் கேட்கலாம். தில்லியிலும் ஐதராபாத்திலும் சேரிகளில் வாழும் ரோஹிங்கியப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஆதார் அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கத்தைப் பற்றியும் கேட்கலாம். அவர்கள் நம் இனத்தார் அல்லர், நம் சமயத்தார் அல்லர் என்று யாரேனும் முணுமுணுத்தால், 1983-இல் மண்டபத்தில் வந்திறங்கியோரை அழைத்துப் பள்ளியில் சேர்த்த தலைமையாசிரியர் எந்தச் சமயத்தார் என்று யாரும் கேட்கவில்லை என்பதை எடுத்துரைக்கலாம்.

காக்ஸ் பஜாரின் கூட்டங்கள் இன்றும் நடைபெறுகின்றன, அவை நடைபெறட்டும். ஆனால் மியன்மார் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை கற்பித்துவிட்டு, மியன்மாரும் ஏற்காத வங்கதேசமும் ஏற்காத ஒரு முடிவில் மாணவரை நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் மற்றவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு மூன்று பொருள்களை முதலில் வைக்குமாறு கேட்கிறோம். இவ்வாண்டு பத்தாம் வகுப்பை முடிப்போர் பொதுத் தேர்வை எந்த இடத்தில் எழுதுவர்? விடைத்தாள்களைத் திருத்துவோர் யார்? சான்றிதழின் அடியில் கையொப்பமிடப்போவது எந்த நாட்டின் அதிகாரி?